டெக்னோ, ஹவுஸ், டிரம் அண்ட் பேஸ் கேட்க ஹெட்போன்: 8,000 முதல் 20,000 ரூபாய்க்குள் பார்த்து வாங்குவது எப்படி

அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் ‘எக்ஸ்ட்ரா பேஸ்’ என்று போட்டிருந்ததை நம்பி, சில வருடங்களுக்கு முன்னால் ஒரு ஹெட்போன் வாங்கினேன். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். வீட்டுக்கு வந்து ஆசையாக ஒரு டெக்னோ மிக்ஸைப் போட்டால், கிக் (தாளத்தின் அடி டிரம்) ‘தும்’ என்று நெஞ்சுக்குள் இறங்குவதற்குப் பதிலாக, பக்கத்து மாடியில் யாரோ மெத்தையைத் தட்டித் தூசி எடுப்பது போலப் ‘பொத் பொத்’ என்று கேட்டது. பேஸ் குறைவு என்று சொல்லவே முடியாது, தேவைக்கு மேலேயே இருந்தது. இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, அவ்வளவுதான். அந்த இடம் எது என்று புரிந்த பிறகுதான் அடுத்து வாங்கியது உருப்படியாக அமைந்தது.

நடுத்தர விலை என்று நான் சொல்வது 8,000 முதல் 20,000 ரூபாய். இதற்குக் கீழேயும் நல்லவை உண்டு, ஆனால் தேடிப் பொறுக்க வேண்டும். இதற்கு மேலே போகப் போக, கொடுக்கிற காசு இரண்டு மடங்காகும், கேட்பதில் தெரிகிற வித்தியாசம் ஒரு பிடி அளவுதான் இருக்கும்.

படி 1: பேஸை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள்

நம் காதுக்குக் கேட்பது ஏறக்குறைய 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை. இதில் அடிப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வோம். 20 முதல் 60 வரை சப் பேஸ். இது காதில் கேட்பதைவிட உடம்பில் உணர்வதுதான் அதிகம். 60 முதல் 120 வரை கிக்கின் குத்து இருக்கும் இடம். 120 முதல் 300 வரை சத்தத்துக்கு ஒரு கனம் கொடுக்கும் பகுதி, அளவோடு இருந்தால் இதம், மிஞ்சினால் குழம்பு. ‘எக்ஸ்ட்ரா பேஸ்’ என்று விற்கப்படுகிறவற்றில் பல, இந்த மூன்றாவது பகுதியை உப்பவைத்துத்தான் பேஸ் என்று பெயர் சூட்டுகின்றன. கடையில் அரை நிமிடம் கேட்டால் அசத்தும். வீட்டில் அரை மணி நேரம் கேட்டால் தலை பாரமாகும்.

மற்ற இசைக்கு அடி பேஸ் குறைந்தாலும் பெரிய பிரச்சினை இல்லை. நான்கு தந்தி பேஸ் கிடாரின் மிகக் கீழான ஸ்வரமே 41 ஹெர்ட்ஸ்தான், அதிலும் நாம் கேட்பது பெரும்பாலும் அதன் மேல் ஒலிகளை. சிந்தசைசருக்கு அந்த எல்லை கிடையாது. 35 ஹெர்ட்ஸில் சுத்தமான சைன் அலை ஒன்றை வைத்து நாலு பார் (தாளச் சுற்று) முழுக்க ஓட்டலாம், அதற்குமேல் அதில் எதுவுமே இருக்காது. ஹெட்போன் அந்த இடத்தில் சோடை என்றால் பேஸ்லைன் ‘குறைவாக’ கேட்காது, கேட்கவே கேட்காது. 1980இல் ரோலண்ட் வெளியிட்ட டிஆர்-808 டிரம் மெஷினின் கிக் கிட்டத்தட்ட இந்த ஜாதி, 50 ஹெர்ட்ஸை ஒட்டி நீளமாக முழங்கி அடங்கும். 1983இல் வந்த டிஆர்-909இன் கிக் வேறு மாதிரி, மேலே ஒரு ‘டக்’, அங்கிருந்து சட்டென்று கீழே சறுக்கும் ஒரு குத்து. ஹவுஸும் டெக்னோவும் பெரும்பாலும் இந்த 909இன் முதுகில்தான் சவாரி செய்கின்றன.

படி 2: நீங்கள் உண்மையில் எதைக் கேட்கிறீர்கள்?

‘எலக்ட்ரானிக்’ என்பது ஒரே இசை இல்லை. நிமிடத்துக்கு 120 முதல் 130 அடிகளில் ஓடும் ஹவுஸ், அதைவிடச் சற்று வேகமான டெக்னோ, இவற்றுக்கு முதலில் வேண்டியது 50 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை சுத்தமான குத்து. டிரம் அண்ட் பேஸ் 174 அடிகளில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் 0.35 விநாடிதான். அதற்குள் கிக்கின் சத்தம் எழும்பி, அடங்கி, கீழே ஓடுகிற பேஸ்லைனுக்கு வழிவிட வேண்டும். 150 ஹெர்ட்ஸை உப்பவைத்த ஹெட்போனில் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே இரைச்சலாகிவிடும். லண்டனில் பிறந்த டப்ஸ்டெப்புக்கு 60க்குக் கீழே போகாத ஹெட்போன் வெறும் தண்டம்.

டிரான்ஸ் கேட்பவர்களுக்குப் பிரச்சினை மறுமுனையில். ரோலண்ட் ஜேபி-8000 பிரபலமாக்கிய சூப்பர்சா என்ற அந்த அகலமான, பளீரென்ற சிந்த் ஒலி மேல்பகுதியில் நெருக்கமாக நிரம்பியிருக்கும். ஏற்கெனவே ட்ரெபிள், அதாவது கீச்சென்ற மேல் ஒலி, தூக்கலான ஹெட்போனில் ஒரு மணி நேரம் கேட்டால் காது கூசும். ஆம்பியன்ட், டப் டெக்னோ கேட்பவர்களுக்குக் குத்தைவிட இடம் முக்கியம், எதிரொலி எங்கே ஆரம்பித்து எவ்வளவு தூரம் போய்க் கரைகிறது என்பது தெரிய வேண்டும்.

போன வாரம் நீங்கள் அதிகம் கேட்ட பத்து ட்ராக்குகளை ஒரு தாளில் எழுதிவிடுங்கள். கடைக்குக் கொண்டுபோக வேண்டிய லிஸ்ட் அதுதான். கடைக்காரர் போட்டுக் காட்டுகிற டெமோ அந்த ஹெட்போனுக்கு ஏற்ற ட்ராக்காகத்தான் இருக்கும்.

படி 3: மூடியதா, திறந்ததா?

காதுக் கிண்ணத்தின் பின்பக்கம் அடைத்திருந்தால் மூடிய வகை, வலை மாதிரி திறந்திருந்தால் திறந்த வகை. திறந்த வகையில் சத்தம் தலைக்கு வெளியே விரிந்தது போலக் கேட்கும், காதும் அவ்வளவாகப் புழுங்காது. ஆனால் சாதாரண டைனமிக் டிரைவர் (கூம்பு அசைந்து சத்தம் எழுப்பும் பாகம்) போட்ட திறந்த ஹெட்போன்களில் 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே சத்தம் சரிந்துவிடும். உலகமே கொண்டாடும் சென்ஹைசர் எச்டி 650கூட இதில் விலக்கில்லை. பாட்டுக்கும் கிடாருக்கும் அது தேன், டப்ஸ்டெப்புக்கு ஒரு வாய் குறைகிற சாப்பாடு. தவிர, நீங்கள் கேட்பது பக்கத்தில் தூங்குகிறவருக்கும் கேட்கும்.

நடுவில் ஒரு வழி இருக்கிறது, பிளானர் மேக்னெடிக். கூம்புக்குப் பதிலாகத் தட்டையான மெல்லிய படலம் முழுப்பரப்பிலும் அசைகிற வகை. திறந்திருந்தாலும் இவை 30 ஹெர்ட்ஸ் வரை கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் இறங்கும். முன்பு எட்டாத விலையில் இருந்தவை, இப்போது ஹைஃபைமேன் எச்இ400எஸ்இ மாதிரி நம் பட்ஜெட்டுக்குள்ளேயே வருகின்றன.

பஸ், ஆபீஸ், ஹாஸ்டல் என்றால் யோசிக்காமல் மூடியது. தனி அறை, இரவு நேரம் என்றால் பிளானர். இரண்டுக்கும் ஒன்றே வேண்டும் என்பவர்களும் மூடியதையே எடுங்கள்.

படி 4: தலையில் எப்படி உட்காருகிறது?

இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, ஆனால் பேஸ் விஷயத்தில் பாதி இங்கேதான். மூடிய ஹெட்போனில் மெத்தை காதைச் சுற்றி இடைவெளி இல்லாமல் ஒட்டினால்தான் உள்ளே அடைபட்ட காற்றை டிரைவர் அழுத்த முடியும். ஒரு சின்னச் சந்து கிடைத்தால் போதும், முதலில் கசிவது சப் பேஸ்தான். எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். கடையில் போட்டுப் பார்க்கும்போது கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தேன். அபாரமாக இருந்தது. வீட்டில் கண்ணாடியோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால், அதே ட்ராக், பேஸ் பாதியைக் காணோம். பீஸ் டூப்ளிகேட்டோ என்றுகூடச் சந்தேகப்பட்டேன். கடைசியில் பார்த்தால் கண்ணாடிக் காம்புதான் மெத்தையைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறது.

சோதனை சுலபம். பேஸ்லைன் ஓடும்போது இரண்டு உள்ளங்கைகளாலும் கிண்ணங்களை லேசாக அழுத்துங்கள். பேஸ் சட்டென்று கூடினால் சந்து இருக்கிறது என்று அர்த்தம். கண்ணாடி போடுகிறவர்கள், தாடிக்காரர்கள், தோடும் கொண்டையும் உள்ளவர்கள், தினசரி எப்படி இருப்பீர்களோ அப்படியே போட்டுப் பாருங்கள். மென்மையான, ஆழமான மெத்தை காம்பைச் சுற்றி வளைந்துகொடுக்கும், கெட்டியான மெத்தை கொடுக்காது.

எடையையும் பாருங்கள். 250 கிராமும் 350 கிராமும் கையில் ஒன்றுபோலத் தெரியும், இரண்டு மணி நேர மிக்ஸ் முடிவதற்குள் உச்சந்தலை வித்தியாசத்தைச் சொல்லிவிடும். நம் ஊர் வெயிலில் இன்னொன்றும் உண்டு. செயற்கைத் தோல் மெத்தை வியர்வையில் ஊறி ஓரிரு வருடத்தில் கறுப்புச் செதிலாக உரிந்து கன்னத்தில் ஒட்டும். வெல்வெட் மாதிரியான துணி மெத்தை அவ்வளவு உரியாது, ஆனால் வியர்வையைக் குடிக்கும். எதுவானாலும் மாற்று மெத்தை தனியாகக் கிடைக்கிறதா என்று கேட்டுவிட்டே வாங்குங்கள்.

படி 5: உங்கள் போன் அதை இயக்குமா?

ஓம் அதிகமாக இருந்தால் தரம் அதிகம் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. இல்லை. ஓம் என்பது மின்தடை. அதோடு, 1 மில்லிவாட் கொடுத்தால் எவ்வளவு சத்தம் வரும் என்று சொல்லும் சென்சிட்டிவிட்டி என்ற எண்ணையும் சேர்த்துப் பார்த்தால்தான் எதாவது புரியும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் டாங்கிள், அதாவது போனில் ஹெட்போனைச் செருக உதவும் சின்ன அடாப்டர், 1 வோல்ட் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ 80 ஓம் மாடலுக்கு 1 மில்லிவாட்டில் 96 டெசிபல். 1 வோல்ட்டை 80 ஓமில் கொடுத்தால் 12.5 மில்லிவாட், அதாவது 11 டெசிபல் கூடுதல், ஆக 107. அதே ஹெட்போனின் 250 ஓம் மாடலில் 4 மில்லிவாட்தான் போகும், 102. ஆடியோ டெக்னிகா ஏடிஎச்-எம்50எக்ஸ் 38 ஓம், 99 டெசிபல், அதே டாங்கிளில் 113 வரை போகும்.

107 என்பது உச்ச அளவு. நாம் சராசரியாக 75 அல்லது 80இல் கேட்போம், கிக் அடிக்கும் கணத்துக்கு அதற்கு மேல் 15 முதல் 20 டெசிபல் இடம் வேண்டும். ஆக 80 ஓம் வரை ஒரு நல்ல டாங்கிளே தாராளம். 250 ஓம் எடுத்து, ஈக்வலைசரில் (பேஸ், ட்ரெபிளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஆப்) பேஸும் கூட்டப்போகிறீர்கள் என்றால் இடம் நெருக்கடியாகும், சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் ஒன்று தனியாக வாங்க வேண்டி வரும். 20,000 பட்ஜெட்டில் ஆம்புக்கு 6,000 போய்விட்டால் அப்புறம் ஹெட்போனுக்கு என்ன மிச்சம்? குறைந்த ஓம் மாடலையே எடுங்கள். பிளானர் மட்டும் கொஞ்சம் வேறு. எச்இ400எஸ்இ 25 ஓம்தான், ஆனால் சென்சிட்டிவிட்டி 91 டெசிபல் என்பதால் கரண்ட் நிறையக் கேட்கும். சின்ன டாங்கிள் மூச்சுவாங்கும்.

படி 6: பெட்டியில் எதைப் படிக்க வேண்டாம்

‘5 ஹெர்ட்ஸ் முதல் 40,000 ஹெர்ட்ஸ் வரை’ என்று அச்சடித்திருப்பார்கள். அந்த 5 ஹெர்ட்ஸில் சத்தம் எத்தனை டெசிபல் குறைந்துபோய் வருகிறது என்று சொல்லாதவரை அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. டிரைவர் 50 மில்லிமீட்டரா 40ஆ என்பதும் அப்படித்தான். ஸ்டுடியோக்களில் 1991இலிருந்து உழைத்துக்கொண்டிருக்கும் சோனி எம்டிஆர்-7506இல் இருப்பது 40தான். 7.1 சரவுண்ட், ஹை-ரெஸ் ஸ்டிக்கர், எல்லாவற்றையும் தாண்டிப் போங்கள்.

அதற்குப் பதிலாக, எந்த ஹெர்ட்ஸில் எவ்வளவு சத்தம் வருகிறது என்று காட்டும் ஃப்ரீக்வென்சி ரெஸ்பான்ஸ் கோட்டுப்படம் தேடுங்கள். 1,000 ஹெர்ட்ஸில் கோடு இருக்கும் உயரத்தை அடிமட்டமாக வைத்துக்கொண்டு மூன்றே இடங்களைப் பாருங்கள். 30 ஹெர்ட்ஸில் கோடு அந்த மட்டத்துக்கு மேலே நிற்கிறதா, 200இல் தொப்பை விழுந்திருக்கிறதா, 6,000 முதல் 10,000 வரை கூர்மையான கொம்பு முளைத்திருக்கிறதா. ஹார்மன் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பலரைக் கேட்கவைத்துச் சோதித்து, பெரும்பாலோருக்குப் பிடித்த ஒரு வளைவைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அதில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே நல்ல ஏற்றம், 200இல் சுத்தம். எலக்ட்ரானிக் இசைக்கு அளவெடுத்துத் தைத்தது போன்ற வளைவு. ஒரு எச்சரிக்கை, இரண்டு ஹெட்போன்களை ஒப்பிட்டால் இரண்டு படமும் ஒரே இடத்தில் ஒரே கருவியில் அளந்ததாக இருக்கட்டும்.

படி 7: சில பெயர்கள்

விலை மாதாமாதம் ஏறி இறங்கும், தள்ளுபடி நாளில் தலைகீழாகும், அதனால் ரூபாயைச் சொல்லாமல் குணத்தை மட்டும் சொல்கிறேன்.

டிடி 770 ப்ரோ, 80 ஓம். என் மேஜையில் இருப்பது இதுதான். சப் பேஸ் அடிவரை இறங்கும், மெத்தை பஞ்சணை, வருடக்கணக்கில் உழைக்கும். குறை, 8,000 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு கொம்பு உண்டு. 909இன் ஹை-ஹாட் (சின்னத் தாளத் தட்டு ஒலி) அந்தப் பக்கம்தான் ‘த்ஸ்’ என்று வந்து உட்காரும், சில ட்ராக்குகளில் ஊசி குத்துவது போல இருக்கும். கேபிளும் கழற்ற முடியாதது, நாற்காலிச் சக்கரத்தில் ஒருமுறை மாட்டினால் சர்வீஸ்தான்.

எம்50எக்ஸ் குத்துக்குப் பேர்போனது, போனிலேயே நன்றாக ஓடும், மடியும், கேபிள் கழலும். ஆனால் மெத்தைக்குள் ஆழம் குறைவு, பெரிய காது உள்ளவர்களுக்குக் காது நுனி உள்ளே இடிக்கும். ஏகேஜி கே371 ஹார்மன் வளைவை ஒட்டி ட்யூன் செய்யப்பட்டது, சத்தம் மட்டும் பார்த்தால் மூடிய வகையில் என் ஓட்டு இதற்குத்தான். தலையில் சரியாக உட்காராவிட்டால் பேஸ் ஓடிவிடும், கண்ணாடிக்காரர்கள் படி 4ஐ இன்னொரு முறை படியுங்கள்.

சென்ஹைசர் எச்டி 25, 1988இலிருந்து இருக்கிறது, கேபிள் இல்லாமல் 140 கிராம், திருகு முதல் மெத்தை வரை ஒவ்வொரு பாகமும் தனியாகக் கிடைக்கும், டிஜேக்களின் கழுத்தில் நீங்கள் அடிக்கடி பார்ப்பது இதைத்தான். காதைச் சுற்றாமல் காதின் மேலேயே உட்காரும், இறுக்கமாக. மேடைக்கு அருமை, மூன்று மணி நேரம் வீட்டில் கேட்கக் காது வலிக்கும். டிஜே உபயோகிக்கிறார் என்பதற்காக வாங்காதீர்கள், அவருக்கு வேண்டியது ஆரவாரத்துக்கு நடுவில் அடுத்த ட்ராக்கின் கிக் தெரிவது.

திறந்த வகையில் எச்இ400எஸ்இ பிளானர், அல்லது சென்ஹைசர் எச்டி 560எஸ். இரண்டாவது 120 ஓம் ஆனாலும் டாங்கிளுக்கு அடங்கும், திறந்த டைனமிக்குக்குப் பேஸ் பரவாயில்லை. ஆம்பியன்ட் கேட்பவர்கள் இங்கிருந்து தொடங்கலாம்.

ப்ளூடூத் பற்றி இரண்டு வார்த்தை. அதே காசில் வயர் உள்ளதன் ஒலிதான் பெரும்பாலும் ஒரு படி மேலே, காரணம் வயர்லெஸ்ஸில் பேட்டரிக்கும் சிப்புக்கும் நாய்ஸ் கேன்சலிங்குக்கும் காசு போகிறது. பஸ்ஸில் கேட்பதற்கு நாய்ஸ் கேன்சலிங் பெரிய வரம், எஞ்சின் உறுமல் இருப்பதும் சப் பேஸ் இருக்கும் அதே கீழ்ப்பகுதியில்தான். ஆனால் நீங்களே பீட் போடுகிறவர் என்றால் ப்ளூடூத் வேண்டாம், பட்டனைத் தட்டியபின் சத்தம் தாமதித்து வரும்.

படி 8: பத்து நிமிடச் சோதனை

முடிந்தால் கடையில், இல்லையென்றால் திருப்பி அனுப்பும் அவகாசம் முடிவதற்குள் வீட்டில். முதலில் 20இலிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் ஒரு சைன் ஸ்வீப், போனில் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். 30 வாக்கில் ஒரு மெல்லிய அதிர்வாவது வர வேண்டும், 40இல் தெளிவாகக் கேட்க வேண்டும். ஏறும்போது ஏதாவது ஒரு இடத்தில் சட்டென்று உப்பினாலோ, ‘கிர்ர்’ என்று கிண்ணம் அதிர்ந்தாலோ கீழே வையுங்கள். இடமும் வலமும் ஒரே அளவில் வருகிறதா என்றும் இப்போதே தெரிந்துவிடும், சத்தம் தலைக்கு நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்தால் ஒன்று பீஸ் பழுது அல்லது மெத்தை சரியாக ஒட்டவில்லை.

அடுத்து உங்கள் லிஸ்டிலிருந்து, கிக்கும் பேஸ்லைனும் சேர்ந்து ஓடுகிற ஒரு ட்ராக். பெரும்பாலான டான்ஸ் ட்ராக்குகளில் கிக் அடிக்கும் ஒவ்வொரு முறையும் பேஸ் ஒரு கணம் பதுங்கி மறுபடி எழும்பும்படி மிக்ஸ் செய்திருப்பார்கள், சைட்செயின் என்பார்கள். அந்தப் பதுங்கல், மூச்சு வாங்குவது போன்ற அந்த அசைவு, உங்களுக்குத் தெரிகிறதா? தெரிந்தால் நல்ல ஹெட்போன். கிக்கும் பேஸும் ஒரே கட்டியாகக் கேட்டால் 200 ஹெர்ட்ஸ் தொப்பை. மூன்றாவதாக ஹை-ஹாட் நிறைந்த ட்ராக் ஒன்றைப் பத்து நிமிடத்தில் மிச்சமிருக்கும் நேரம் முழுக்கக் கேளுங்கள். கை தானாக வால்யூமைக் குறைக்கப் போனால் ட்ரெபிள் உங்களுக்கு அதிகம்.

இரண்டை ஒப்பிடும்போது வால்யூமைச் சமப்படுத்திவிட்டுக் கேளுங்கள். கொஞ்சம் சத்தமாக ஓடுவதுதான் நல்லது என்று காது சாதிக்கும்.

படி 9: வாங்கிய பிறகு

ஈக்வலைசரைத் தொடுவது பாவம் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அந்த பக்தி இல்லை. விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ, ஆண்ட்ராய்டில் வேவ்லெட், இரண்டுக்கும் காசு கொடுக்காமலே தொடங்கலாம். ஆட்டோஈக்யூ என்ற திட்டத்தில் நூற்றுக்கணக்கான மாடல்களுக்கு ஆயத்த எண்கள் கிடக்கின்றன. என் 770க்கு நான் செய்தது இரண்டே மாற்றம். 8,000 ஹெர்ட்ஸ் பக்கம் 4 டெசிபல் குறைத்தேன், 60க்குக் கீழே 3 டெசிபல் ஏற்றினேன். ஏற்றிய அளவுக்கு, ஈக்வலைசரில் மொத்தச் சத்தத்தைக் குறைக்கும் ப்ரீஆம்பை மைனஸ் 3 ஆக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு கிக்கும் உச்சியில் முட்டி நசுங்கும்.

வால்யூம் விஷயத்தில் பேஸ் பிரியர்களுக்கு ஒரு தனி ஆபத்து. சத்தம் குறையக் குறைய நம் காது பேஸை மற்றவற்றைவிட வேகமாக இழக்கும், ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இலேயே இதை அளந்துவிட்டார்கள். அதனால் பேஸ் போதவில்லை என்று வால்யூமைத் திருகுவோம், கூடவே ட்ரெபிளும் ஏறி, காதுக்குள் இருக்கும் நுண்ணிய செல்களைப் பதம் பார்க்கும். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல், இதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. 3 டெசிபல் கூடினால் அந்த நேரம் பாதியாகும், 83இல் 20 மணி நேரம். பேஸ் வேண்டுமென்றால் ஈக்வலைசரில் அதை மட்டும் ஏற்றிவிட்டு வால்யூமை இறக்குங்கள்.

புது ஹெட்போனைப் பழக்க, அதாவது ‘பர்ன்-இன்’ செய்ய, 100 மணி நேரம் ஓடவிடு என்பார்கள். ஓடவிட வேண்டாம், நீங்களே கேளுங்கள். மாறுவது பெரும்பாலும் உங்கள் காதின் பழக்கமும், கன்னத்துக்கு ஏற்ப அமுங்கும் மெத்தையும்தான். ஆனால் ஒரு வாரமாவது கொடுங்கள், தொப்பை பேஸுக்குப் பழகிய காதுக்கு நல்ல ஹெட்போன் முதல் நாள் சப்பென்றுதான் இருக்கும். எனக்கு நாலாவது நாள்தான், வருடக்கணக்கில் கேட்ட ஒரு மிக்ஸில் கிக்குக்கு அடியில் இன்னொரு பேஸ்லைன் ஓடிக்கொண்டிருந்தது தெரிந்தது.